2000 வாட் ஃபேன் ஹீட்டருக்கு எந்த இஎம்சி (மின்காந்த இணக்கம்) தரநிலை?

நீங்கள் கேட்டது: 230 வோல்ட், 2000 வாட் வீட்டு உபயோக ஃபேன் ஹீட்டர், ட்ரையாக் (குறைகடத்தி சுவிட்ச்) வைத்து ஃபேஸ் கன்ட்ரோல் (ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிச் சக்தியைக் குறைப்பது), பொதுத் தரநிலையான ஐஇசி 61000-6-3க்கு மட்டும் டெஸ்ட் செய்தால் போதுமா?

போதாது. ஒரு பொருளுக்கென்றோ அதன் குடும்பத்துக்கென்றோ தரநிலை இருந்தால் அதுதான் முதலில். எதுவுமே இல்லாதபோதுதான் பொதுத் தரநிலைக்குப் போக வேண்டும். வீட்டுச் சாதனம் என்பதால் உமிழ்வுக்கு (சாதனம் வெளிவிடும் இடையூறு) ரேடியோ இடையூறுக்கான சர்வதேசக் குழுவான சிஸ்பிஆரின் 14-1, தாங்குதிறனுக்கு (வெளியிலிருந்து வரும் இடையூறைத் தாங்குவது) சிஸ்பிஆர் 14-2. பின்னதில் உங்கள் மைக்ரோகன்ட்ரோலரின் கிளாக் வேகத்தைப் பொறுத்து வகை மாறும். லேபுக்குப் போகும் முன்பே அதைக் குறித்து வையுங்கள். 16 ஆம்பியருக்குள் இருப்பதால் ஹார்மோனிக்ஸுக்கு (மின்தட அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் மின்னோட்டம்) ஐஇசி 61000-3-2, ஃப்ளிக்கருக்கு (மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் விளக்கு மினுங்குவது) 61000-3-3.

உங்கள் டிசைன் மாட்டப்போவது 61000-3-2இல்தான். முழுச் சுமையில் 8.7 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டரை 90 டிகிரியில் (ஒவ்வொரு அரை அலையின் நடுவில்) வெட்டினால் மூன்றாம் ஹார்மோனிக் சுமார் 2.8 ஆம்பியர் வரும். கிளாஸ் ஏ (பொதுவான சாதனங்களுக்கான பிரிவு) வரம்பே 2.3தான். அதோடு, 200 வாட்டுக்கு மேற்பட்ட ஹீட்டிங் எலிமென்ட்டுக்கு இவ்வகைக் கன்ட்ரோல் வைத்தால் கிளாஸ் டி பிரிவின் வரம்பும் வந்துவிடும். ஃபில்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மூன்றாம் ஹார்மோனிக்கான 150 ஹெர்ட்ஸைத் தடுக்கும் சோக் (கம்பிச் சுருள்) ஹீட்டரைவிடக் கனக்கும்.

சீரோ கிராசிங்கில் (மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில்) முழு அலைகளாக பர்ஸ்ட் ஃபயரிங் (சில அலைகள் ஆன், சில அலைகள் ஆஃப்) செய்தால் ஹார்மோனிக்ஸ் தொல்லை தீரும். ஆனால் அடிக்கடி ஆன், ஆஃப் ஆனால் விளக்கு மினுங்கும், 61000-3-3இல் பிஎஸ்டி (குறுகிய கால மினுங்கல் அளவு) அதன் வரம்பான 1.0ஐத் தாண்டிவிடும். எலிமென்ட்டை 1000 வாட்டாக இரண்டாகப் பிரித்து, ஒன்றை நிலையாக ஓடவிட்டு, மற்றதை நிமிடக்கணக்கான இடைவெளியில் ரிலேயால் மாற்றுங்கள். ரிலே கிளிக்குகள் (ரிலே மாறும்போது எழும் குறுகிய இடையூறுகள்) நிமிடத்துக்கு 30க்குக் குறைவாக இருந்தால் சிஸ்பிஆர் 14-1 அவற்றுக்குத் தளர்வும் தருகிறது.