வெட்டி ஒட்டிய ஃபிரேம்: ‘கண்காட்சிக்கு மட்டும்’ என்ற வரி பட்டறையைக் காப்பாற்றுமா?

கேள்வி: நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். பதினான்கு மாதங்களுக்கு முன் புதிதாக வாங்கிய டூரிங் பைக்கில், 19 அங்குல முன்சக்கரத்தை எடுத்துவிட்டு 26 அங்குலச் சக்கரம் பொருத்துவதற்காக ஒரு கஸ்டம் பட்டறைக்கு 9,400 டாலர் கொடுத்தேன். ஃபிரேமின் நெக்கை (ஸ்டீயரிங் தண்டு நுழையும் முன்பகுதிக் குழாயை) வெட்டி, சாய்வை மாற்றி, மறுபடி வெல்டிங் செய்தார்கள். தெற்கு டகோடாவின் ஸ்டர்ஜிஸ் வரை ஓட்டிவிட்டுத் திரும்பும்போது நெடுஞ்சாலை வேகத்தில் ஹேண்டில்பார் பிடிக்க முடியாத அளவுக்கு ஆடியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் வெல்டிங் ஓரத்தில் தலைமுடி போல ஒரு விரிசல். ரசீதின் அடியில் “கண்காட்சிக்கு மட்டும், உள்ளது உள்ளபடி” என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டிருப்பதைக் காட்டிப் பட்டறை கைவிரிக்கிறது. இதற்கிடையே எஞ்சினில் எண்ணெய் கசிகிறது. வண்டியை மாற்றியதால் வாரண்டி போய்விட்டது என்கிறார் டீலர். எனக்கு வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் முதலில் அந்த வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். உங்கள் உயிருக்காக இதைச் சொல்கிறேன், வழக்குக்காக அல்ல. வழக்குக்காகச் சொல்ல வேண்டியது வேறு: விரிசலை அடைக்கவோ, அந்த இடத்தைத் தேய்க்கவோ, பெயிண்ட் அடிக்கவோ யாரையும் விடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஆதாரங்களில் முதன்மையானது அந்த நெக்தான். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் சான்று பெற்ற ஒரு வெல்டிங் ஆய்வாளரை அழைத்து, உலோகத்தை வெட்டாமல் விரிசலைக் காட்டும் சாய ஊடுருவல் சோதனையைச் செய்யச் சொல்லி, அளவுகோல் தெரியும் படங்களோடு எழுத்துமூலமான அறிக்கை வாங்குங்கள். அதே அறிக்கையில் ரேக் (ஸ்டீயரிங் அச்சின் சாய்வுக் கோணம்), ட்ரெயில் (அந்த அச்சை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும் சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம்) இரண்டின் அளவும் இருக்கட்டும். சக்கரம் பெரிதானால் ட்ரெயில் கூடும்; நெக்கைச் சாய்த்தால் மேலும் கூடும்; அதைக் குறைக்கத்தான் சாய்வு கொண்ட ட்ரிப்பிள் ட்ரீ (முன் ஃபோர்க்கை நெக்கோடு பிணைக்கும் பாகம்) போடுகிறார்கள். இந்தக் கணக்கில் பிசகி ட்ரெயில் அளவுக்கு மேல் குறைந்துவிட்டால் வேகத்தில் முன்பக்கம் நிலை இழக்கும். ஆகவே உங்கள் வண்டி ஆடியதற்கு விரிசல் காரணமா, கணக்குப் பிழை காரணமா, இரண்டுமா என்பதை ஆய்வாளர் பிரித்துச் சொல்ல வேண்டும். எதுவாக இருந்தாலும் அது பட்டறையின் வேலைதான் என்றாலும், காரணத்தைத் தெளிவாகச் சொல்லாத புகார் நீதிமன்றத்தில் எளிதில் தளர்ந்துவிடும்.

இனி அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். ஏற்கெனவே உள்ள ஒரு பொருளைப் பழுதுபார்ப்பவரோ மாற்றியமைப்பவரோ அந்த வேலையைத் தொழில் தெரிந்தவர் செய்வதுபோலச் செம்மையாகச் செய்து தருவார் என்ற உள்ளார்ந்த உத்தரவாதம் உண்டு என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1987-இல் மெலடி ஹோம் வழக்கில் தீர்ப்பளித்தது. ‘மாற்றியமைத்தல்’ என்பதையும் அந்தத் தீர்ப்பு சேர்த்தே சொல்கிறது என்பதால், உங்கள் நெக் வேலை அதற்குள் நேராக அடங்குகிறது. இந்த உத்தரவாதத்தை “உள்ளது உள்ளபடி” என்ற பொதுவான வாசகத்தால் தள்ளிவிட முடியாது. வேலை எப்படி, எந்தத் தரத்தில் செய்யப்படும் என்று ஒப்பந்தமே விரிவாக வரையறுத்திருந்தால், அந்த வரையறை உள்ளார்ந்த உத்தரவாதத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று 2013-இல் அதே நீதிமன்றம் விளக்கியது. எனவே ரசீதோடு வேறு ஏதாவது தாளில் கையெழுத்திட்டிருக்கிறீர்களா, அதில் வெல்டிங் முறையோ சாய்வுக் கோணமோ எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நீங்கள் சொல்வதுபோல ரசீதின் அடியில் ஒரு வரி மட்டும்தான் என்றால், பட்டறையின் நிலை பலவீனமானது. அதோடு, வேலைக்கு முன் நீங்கள் அனுப்பிய செய்திகளில் ஸ்டர்ஜிஸ் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தால் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். நீண்ட தூரம் ஓட்டப்போகிற வண்டி என்று தெரிந்தே பணம் வாங்கிவிட்டு, இது கண்காட்சிக்கு என்று பின்னால் சொல்வது எடுபடுவது கடினம்.

இந்த உத்தரவாத மீறலை டெக்சஸ் ஏமாற்று வணிக நடைமுறைகள் சட்டத்தின்கீழ் கொண்டுபோகலாம். அச்சட்டம் தரும் உரிமைகளை நுகர்வோர் விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள வேண்டுமானால், அது எழுத்தில் இருந்து, அவர் கையெழுத்திட்டு, தமக்கென ஒரு வழக்கறிஞரின் துணையும் பெற்றிருக்க வேண்டும். ரசீதில் போட்ட கையெழுத்து அதற்கு ஈடாகாது. வழக்குத் தொடுப்பதற்குக் குறைந்தது 60 நாள்களுக்கு முன், குறை என்ன, இழப்பு எவ்வளவு என்று குறிப்பிட்டு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும்; அதைப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அந்த 60 நாள்களில் வண்டியைப் பார்வையிட வேண்டும் என்று பட்டறை எழுதிக் கேட்டால் மறுக்காதீர்கள். ஆனால் வண்டி உங்கள் இடத்திலேயே இருக்கட்டும், அவர்கள் வந்து பார்க்கட்டும். வண்டியை அவர்களிடம் விட்டுவிட்டால், பாக்கி இருக்கிறது என்று சொல்லிப் பிடித்துவைக்கும் சிக்கல் புதிதாக முளைக்கும். தெரிந்தே செய்தார்கள் என்று நிறுவப்பட்டால் பொருளாதார இழப்பில் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் கொடுக்கலாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். கோரிக்கை 20,000 டாலருக்குள் இருந்தால் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே தொடுக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான பைக்குகளில் வண்டி அடையாள எண் ஸ்டீயரிங் நெக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். நெக்கை வெட்டி, புட்டி பூசி, வழவழப்பாக்கும் வேலையில் அந்த எண் சேதமாவது நடக்கக் கூடியதே. இன்றே விளக்கடித்துப் பாருங்கள். அடையாள எண்ணைத் தெரிந்தே அழிப்பது கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பழுதுபார்ப்புக்கு அவசியமாக நீக்கப்பட்டால் விலக்கு உண்டு என்றாலும், சக்கரத்தின் அழகுக்காக நெக்கை வெட்டியது பழுதுபார்ப்பு ஆகுமா என்ற வாதத்தை நீங்கள் சாலையோரத்தில் ஒரு காவலரிடம் நடத்த விரும்ப மாட்டீர்கள். எண் அழிந்த வண்டியைக் காவல்துறை கைப்பற்றவும் முடியும். எண் தெளிவாக இல்லையென்றால், பட்டறையின் வேலைச் சீட்டு, படங்கள், உரிமைச் சான்று ஆகியவற்றோடு டெக்சஸ் மோட்டார் வாகனத் துறையிடம் ஒதுக்கீட்டு எண்ணுக்கு (அழிந்த எண்ணுக்குப் பதிலாகத் துறை தரும் எண்ணுக்கு) நீங்களே முன்வந்து விண்ணப்பித்துவிடுங்கள். 2025 முதல் டெக்சஸில் தனியார் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை இல்லை என்பதால், இதை வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்லப்போவதில்லை.

டீலர் சொன்னது, சொன்ன வடிவத்தில், சரியல்ல. 1975-ஆம் ஆண்டின் மாக்னசன் மோஸ் வாரண்டி சட்டப்படி, தங்கள் முத்திரை கொண்ட பாகங்களைத்தான் போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை விதிக்க முடியாது. இந்தக் காரணத்துக்காகவே கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2022-இல் ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் வாரண்டி வாசகங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. முன்சக்கரத்தை மாற்றியதுதான் எண்ணெய்க் கசிவை உண்டாக்கியது என்று டீலர் காட்ட வேண்டும்; அதற்கு என்ன அடிப்படை என்று எழுத்தில் கேளுங்கள். நெக் விரிசலுக்கு மட்டும் தயாரிப்பாளரிடம் போகாதீர்கள், அது உங்கள் பட்டறையின் வேலை. எஞ்சினின் கணினியில் ட்யூன் மாற்றியிருந்தால் மறைக்காதீர்கள், ஏனென்றால் அப்போது டீலருக்கு உண்மையிலேயே ஒரு காரணம் கிடைத்துவிடும். மாசுக் கட்டுப்பாட்டை முடக்கும் ட்யூனாக இருந்தால் தூய காற்றுச் சட்டமும் குறுக்கே வரும்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு இந்த மாற்றங்களை எழுத்தில் தெரிவித்து, கூடுதல் பாகங்களுக்கான வரம்பு எவ்வளவு என்று பாலிசியில் பாருங்கள். வண்டியை விற்க நேர்ந்தால், வெல்டிங்கைப் பற்றி வாங்குபவரிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். இந்த வாரத்துக்குள் ஆய்வாளரைப் பிடியுங்கள். அறிக்கை வந்ததும் பதிவு அஞ்சல் போகட்டும்.