கல்யாண வீடியோ மாடி டிவியில் ஓடுகிறது, செட்டாப் பாக்ஸில் பதிந்தது மட்டும் ஏன் ஓடவில்லை?

கோளாறு உங்கள் வைஃபையில் இல்லை. கல்யாண வீடியோ பூட்டில்லாத ஃபைல், அதனால் டி.எல்.என்.ஏ. (வீட்டு நெட்வொர்க்கில் ஒரு கருவியில் இருக்கும் படத்தை இன்னொரு கருவியில் போட்டுக் காட்டும் முறை) வழியாக டிவி அதை எடுத்துப் போட்டுவிடுகிறது. செட்டாப் பாக்ஸ் பதிவதைப் பூட்டித்தான் வைக்கும், சாவியும் அந்தப் பெட்டிக்குள்ளேயே. கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் 2016 மகாமக நேரலையை அம்மாவுக்காகப் பென்டிரைவில் பதிந்தேன். லேப்டாப்பில் செருகினால் ஃபைல் பெயர் தெரிந்தது, படம் வரவில்லை. அப்புறம் பெட்டி பழுதானதும் அந்தப் பதிவே போய்விட்டது, இன்னும் மனசு ஆறவில்லை.

பூட்டியதை வீட்டுக்குள் பகிர டி.டி.சி.பி.-ஐ.பி. என்று ஒரு முறை உண்டு. இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று சரிபார்த்த பிறகுதான், ஏ.இ.எஸ். என்ற 128 பிட் குறியாக்கத்தில், அதாவது சாவி இல்லாமல் பார்க்க முடியாதபடி பூட்டி, படம் போகும். 'வீடு' எது என்று அது கண்டுபிடிக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஒரு கருவி கேட்டால் மற்றதன் பதில் 7 மில்லிசெகண்டுக்குள் திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் சாவி கிடையாது. திண்ணையிலிருந்து கொல்லைக்கட்டு வரை சரி, தஞ்சாவூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகாது.

இரண்டு பக்கமும் அந்த வசதி வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியிலிருந்து மாடிக்கு நீளமான எச்.டி.எம்.ஐ. வயர் இழுப்பதுதான் வழி.

இன்னொன்று, டி.எல்.என்.ஏ. பெரும்பாலும் பாஸ்வேர்டு கேட்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உங்கள் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் கல்யாண வீடியோ அவன் போனிலும் தெரியும். இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.