விரல் ஒட்டிப் பொறந்ததுக்கு கிரகணமா காரணம்?

கேள்வி: அண்ணா வணக்கமுங்க, நமக்கு கொழிஞ்சாம்பாறை பக்கம். தங்கச்சி பையன் பொறந்து நாலு மாசம், ரெண்டு கையிலயும் விரலெல்லாம் ஒட்டியே இருக்கு, நெத்தி வேற உசந்திருக்கு. கோயமுத்தூர்ல ஜீன் டெஸ்ட் எடுத்ததுல 'ஏபர்ட் சிண்ட்ரோம், எஃப்ஜிஎஃப்ஆர்2, எஸ்252டபிள்யூ'ன்னு வந்திருக்கு, வளர்ச்சிக் காரணி ஒட்டுற எடத்துல மாற்றம்னாராம் டாக்டர். அவ மாமியாரோ கிரகணத்தன்னிக்கு அருவாமனைல காய் நறுக்குனாள்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கு. எதுங்க நெசம்? (பேர் போட வேண்டாமுங்க)

பதில்: மொதல்ல அருவாமனைய விடுங்க, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

எஃப்ஜிஎஃப்ஆர்2ங்கறது செல்லோட மேல்தோல்ல நீட்டிக்கிட்டிருக்கற ஒரு புரதம், 821 அமினோ அமிலம் கோத்த மாலைன்னு வச்சுக்கங்க, அதுல 252வது மணி செரின்னு ஒரு சின்ன மணியா இருக்கணும், உங்க மருமகனுக்கு அங்க டிரிப்டோஃபான்னு பெரிய மணி வந்து உக்காந்துருச்சு, ரிப்போர்ட்ல இருக்கற எஸ், டபிள்யூவுக்கு அர்த்தம் அவ்வளவுதான். ஆனா அது உக்காந்த எடம் இருக்கே, எஃப்ஜிஎஃப்ங்கற வளர்ச்சிக் காரணி சரியா வந்து பிடிக்கற எடத்துல. மாற்றம்னா புரதம் கெட்டுப் போய் வேலை நின்னுரும்னுதான் நாம நினைப்போம், இங்க தலைகீழ்! சாதாரணமா எஃப்ஜிஎஃப் வரும், ஒட்டும், சேதி சொல்லும், கழண்டு போயிரும். இந்தப் பெரிய மணி கூடுதலா ஒரு பிடி கொடுக்கறதால, வரப்புல நடந்தா வேட்டில ஒட்டுற நாயுருவி மாதிரி அது சீக்கிரம் விடறதில்ல. போதாததுக்கு அந்த எடத்துல ஒட்டவே கூடாத வேற சில எஃப்ஜிஎஃப்பும் வந்து ஒட்டிக்கும். சேதி அதிகமாப் போகப் போக மண்டை எலும்புகளுக்கு நடுவுல இருக்கற இணைப்பு (தையல்னு சொல்வாங்க) நேரத்துக்கு முன்னாடியே மூடிக்குது, கருவுல பிரிய வேண்டிய விரலும் பிரியறதில்ல. இந்த நோய் உள்ளவங்கள்ல சுமார் மூணுல ரெண்டு பேருக்கு இதே 252தான், மிச்சப் பேர்ல பெரும்பாலும் பக்கத்து 253.

இன்னொன்னு, மாமியார் காதுல விழற மாதிரியே சொல்றேன். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் இல்லாம குழந்தைக்குப் புதுசா வர்ற இந்த மாற்றம், ஆராய்ஞ்சு பாத்த குடும்பங்கள்ல அப்பாவோட விந்தணுல இருந்துதான் வந்திருக்கு, அப்பாவுக்கு வயசு ஏற ஏற வாய்ப்பும் கொஞ்சம் கூடும். அதுக்காக மாப்பிள்ளைய பிடிச்சு ஏசாதீங்க, அவர் கையிலயும் ஒண்ணும் இல்ல. அடுத்த குழந்தைக்கு இதே வர்றது ரொம்ப அபூர்வம், ஆனாலும் ஜெனடிக் கவுன்சிலிங் (மரபணு பத்தின ஆலோசனை) போய்ட்டு வரட்டும். மண்டை ஆபரேஷன் பெரும்பாலும் மொத வருஷத்துலயே செய்யறது, விரலப் பிரிக்கறதும் சின்ன வயசுலயே ஆரம்பிச்சுருவாங்க, அதனால நல்ல நாள் பாக்கறேன்னு தள்ளிப் போடாம நாலாம் மாசத்துலயே போய் கேளுங்க.

கேள்வி: வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டா குள்ளமா இருக்கற எல்லாரும் உசந்துருவாங்களா? (வாசகர், குமுளி)

பதில்: எல்லாரும் இல்லீங்க. லாரான் சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்கு, 1966ல இஸ்ரேல் டாக்டர் ஸ்வி லாரான் எழுதினது. மேல சொன்னதுல பிடி அதிகம், இதுல நேர் எதிர். ரத்தத்துல ஹார்மோன் தாராளமா இருக்கும், அதைப் பிடிக்கற புரதம், அதாவது ரிசெப்டர்தான் கோளாறு, அதனால கல்லீரல்ல ஐஜிஎஃப்-1ங்கற வளர்ச்சிக் காரணி சரியா உருவாகாது. அவங்களுக்கு ஹார்மோன் ஊசி எத்தனை போட்டாலும் வீண், ஐஜிஎஃப்-1ஐயே நேரா ஊசியா போடணும்.