நீல அறையில் படபடப்பு குறையுமா?

கேள்வி: மகன் தொடக்கநிலை ஆறு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்க நெருங்க ஒரே படபடப்பு, இரவில் தூக்கமும் இல்லை. அறைக்கு நீல பெயின்ட் அடித்தால் மனம் அமைதியாகும் என்கிறார் தோழி. அடிக்கலாமா?
– வாசகி, தோ பாயோ

பதில்: அடியுங்கள், அவனுக்குப் பிடித்திருந்தால். ஆனால் மருந்தாக நினைத்து அடிக்காதீர்கள். 1979இல் அமெரிக்காவின் சியாட்டிலில், கடற்படைச் சிறை அறை ஒன்றுக்கு இளஞ்சிவப்பு அடித்துவிட்டு, கைதிகளின் ஆவேசம் அடங்கிவிட்டது என்றார்கள். அந்த நிறத்துக்கு ‘பேக்கர்-மில்லர் பிங்க்’ என்று பெயரே வைத்தாயிற்று, அப்புறம் கவனமாகச் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எந்த நிறம் என்பதைப் போலவே அது எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிர் என்பதும் மனநிலையைத் தொடும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சின்ன அறைக்கு அடர்நீலம் வேண்டாம், இருட்டடித்துவிடும்.

சுவரைவிட விளக்கைத்தான் நான் முதலில் மாற்றுவேன். நம் கண்ணில் நீல ஒளியைக் கூர்மையாக உணரும் செல்கள் உண்டு, அவை இரவில் தூண்டப்பட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். அதனால் ராத்திரி வெள்ளை எல்இடியை அணைத்து 2700 கெல்வின் மஞ்சள் பல்பு போடுங்கள், அவனிடமிருந்து கைப்பேசியையும் வாங்கி வையுங்கள் (சண்டை வரும், சரி). படபடப்பு அப்படியே இருந்தால் பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள்.