அண்ணனின் பெயரைச் சுமந்த தம்பி

கொடிய குற்றவாளியின் உறவினர்களையும் மக்கள் ஏன் ஒதுக்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஆல்பர்ட் கோரிங். நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங்கின் தம்பி. ஆனால் நாஜிகளை அடியோடு வெறுத்தவர். யூதர்கள் தப்பிச் செல்ல உதவினார். செக் நாட்டு ஸ்கோடா ஆலையில் பணியாற்றியபோது எதிர்ப்பாளர்களைக் காத்தார். அதற்கு அண்ணனின் செல்வாக்கையே பயன்படுத்திக்கொண்டார்!

போர் முடிந்ததும் அவரைச் சிறையில் அடைத்தார்கள். தான் காப்பாற்றிய 34 பேரின் பட்டியலை எழுதிக் கொடுத்தும் விசாரணை அதிகாரிகள் முதலில் நம்பவில்லை. பிறகு செக் நாட்டுச் சிறை. அவரால் பிழைத்தவர்கள் சாட்சி சொன்ன பிறகே, 1947இல் விடுதலையானார். ஜெர்மனி திரும்பினால், அந்தக் குடும்பப் பெயரைக் கேட்டதும் பலர் வேலை தர மறுத்தார்கள். பொறியாளரான அவர் 1966இல் வறுமையில் இறந்தார்.

காரணம் விளங்காமல் இல்லை. ஹெர்மன் 1946இல், தூக்குக்கு முன்பே நஞ்சருந்தி இறந்துவிட்டார். அவரிடம் காட்ட முடியாத கோபம், கைக்கெட்டிய தம்பியின் மேல் விழுந்தது. பாதிக்கப்பட்டோரின் கோபம் நியாயமானது. ஆனால் ஆல்பர்ட்டைப் புறக்கணித்தவர்களில் எத்தனை பேர், அவர் செய்ததில் பாதியையாவது செய்திருந்தார்கள்?