கனடாச் சித்தப்பா தந்த கியூ: கைவேலையா?

சித்தப்பா தந்த கியூ (பில்லியர்ட்ஸ் ஆடும் கோல்) கையால் செய்ததா என்று கேட்டிருந்தீர்கள். அதன் கைப்பிடிக்கு மேலுள்ள கூர்முனை அலங்காரங்கள் ஒட்டுப்படம் இல்லை, மரம்தான். ஆனால் உங்கள் படத்தில் நான்கு நுனியும் லேசாக உருண்டிருக்கின்றன. கணினி இயந்திரத்தில் குழி வெட்டிப் பதித்தால் பெரும்பாலும் அப்படித்தான் வரும். வெட்டும் அலகு சுழல்வதால் குழியின் மூலை கூராக வராது. பழைய முறையில் வி வடிவப் பள்ளம் இழைத்து மரத்தை ஒட்டினால் நுனி ஊசி போல முடியும்.

பகல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓரத்து நிற வெனீர்கள், அதாவது பனையோலைக் கீற்றுப் போன்ற மெல்லிய மரத் தகடுகள், நுனியில் ஒன்றோடொன்று சாய்வாகச் சந்திக்கின்றனவா? சந்தித்தால், இயந்திர வேலை என்ற என் கணிப்புப் பிழை.

அடியில் புகழ்பெற்ற அமெரிக்கக் கியூ கைவினைஞர் 'பலபுஷ்கா'வின் பெயர் இருப்பதை மட்டும் நம்பி விலை பேச வேண்டாம். அவர் 1975-இல் இறந்த பிறகும் அந்தப் பெயரில் தொழிற்சாலைக் கியூக்கள் வந்தன. அப்புறம், யாழ்ப்பாண வெயிலில் காருக்குள் வைத்துவிடாதீர்கள், வளைந்துவிடும்.