உம்மாவின் கைக்கடிகாரம் சொல்லும் சீனியை நம்பலாமா?

மூதூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "உம்மாவுக்கு 62 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. மாதா மாதம் திருகோணமலை கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். தம்பி கட்டாரிலிருந்து ஒரு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பியிருக்கிறான். விரலில் குத்தாமலே சீனியும் பிரஷரும் காட்டுகிறது. செயலியில் அவனும் அங்கிருந்து பார்க்கிறான். இனி கிளினிக்குக்கு எப்போதாவது போனால் போதுமா?"

சகோதரி, அந்த வாட்ச் காட்டும் சீனி அளவைப் பார்ப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சீனியை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் தாம் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை வெளிச்சம், தோலுக்குக் கீழே இரத்தம் ஏறி இறங்குவதைப் பார்க்கிறது. நாடியை எண்ண அது போதும், சீனியை அளக்கப் போதாது. திரையில் 220 என்று கண்டு ஒரு குளிசையைக் கூட்டிப் போட்டு, உண்மையில் 80 ஆக இருந்தால் என்ன ஆகும்? எனக்கு இருக்கும் பயம் அதுதான்.

கையில் ஒட்டும் சென்சர் வேறு. அதன் மெல்லிய இழை தோலுக்குள் இருந்து உண்மையாகவே அளந்து ஃபோனுக்கு அனுப்புகிறது. ஆனால் விலை கூட, ஒன்று இரண்டு வாரத்தில் மாற்றவும் வேண்டும். உம்மா இன்சுலின் போடாதவர் என்றால் சாதாரண குளுக்கோமீட்டரே போதும்.

தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள். சில செயலிகள் சீனியை மில்லிமோல் என்ற வேறு அலகில் காட்டும். அதில் 7 என்றால் நம் மில்லிகிராம் கணக்கில் 126, அதாவது 18 ஆல் பெருக்க வேண்டும். இது தெரியாமல் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் நடுச்சாமத்தில் பதறி அழைப்பதுண்டு.

பிரஷருக்கு மேல்கையில் பட்டி சுற்றும் மெஷினை வாங்குங்கள். பிரஷர் காட்டும் நல்ல வாட்ச்களில் சிலவற்றையே 28 நாளைக்கு ஒரு தடவை அந்தப் பட்டி மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. தேத்தண்ணி குடித்தோ வெற்றிலை போட்டோ அரை மணித்தியாலம் போகட்டும். முதுகைச் சாய்த்து, பாதம் நிலத்தில் பட, பேசாமல் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க இரண்டு தடவை எடுங்கள். வீட்டில் தொடர்ந்து 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஃபோனின் உண்மையான பயன், கிளினிக் கொப்பியைப் பாதுகாப்பதுதான். ஒவ்வொரு தடவையும் கொப்பியின் பக்கத்தையும் மருந்துத் துண்டையும் ரிப்போர்ட்டையும் படம் எடுத்து, திகதியோடு தனியாகச் சேமியுங்கள். இரவில் மூதூர் ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அந்தப் படமே சொல்லும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், தம்பிக்கு மட்டும் அனுப்புங்கள்.

கிளினிக்கைக் குறைப்பதா என்பதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். கடைசி மூன்று மாதச் சீனியின் நிலையைச் சொல்லும் எச்பிஏ1சி, சிறுநீரகம், கண்ணின் விழித்திரை, பாதத்தின் உணர்ச்சி, இவை எதையும் எந்த வாட்சும் பார்ப்பதில்லை. கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய்வரும் களைப்பு எனக்கும் தெரியும். வீட்டில் எழுதிய அளவுகளைக் காட்டி, தவணையைத் தள்ளிப் போடலாமா என்று அங்கேயே கேளுங்கள்.

நோன்புக்கு முன்னர் மருந்து நேரத்தையும் அங்கேயே பேசி வையுங்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும். இறங்கியிருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல், சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.